வண்டி முழுதும் போகும்வரை

என் கணவரை இருபத்திரண்டு ஆண்டுகளாகப் படம் எடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில்கூட அவர் முகம் கிடையாது.

அவர் பாசஞ்சர் ரயில் ஓட்டியவர். நான் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் இரண்டு வயல், அதற்கப்பால் தண்டவாளம். அவருக்குக் காலை வண்டி இருக்கும் நாட்களில் உலையை வைத்துவிட்டுக் கேமராவோடு வரப்புக்கு ஓடுவேன். அந்த முதல் கேமரா சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் கொண்டுவந்தது. குழந்தையைப் படம் எடுக்கச் சொல்லித்தான் கொடுத்தான். நானோ, இவர் என்ஜினில் உட்கார்ந்திருக்கும் கம்பீரத்தை ஒரு படம் எடுத்துவிடலாம் என்று போனேன். கழுவிப் பார்த்தால் என்ஜின் இருக்கிறது, பெட்டிகள் இருக்கின்றன, இவர் இருக்க வேண்டிய ஜன்னல் மட்டும் கன்னங்கரேலென்று இருக்கிறது. சரி, நாளைக்கு எடுத்துக்கொள்வோம் என்று மறுநாளும் போனேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

போகப் போக எனக்கு ரயிலே பிடித்துப்போயிற்று. குறுவை நடவின்போது ஒரு ரயில், சம்பா பழுத்து நிற்கும்போது ஒரு ரயில், ஐப்பசி மழையில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகிக் கிடக்கும்போது ஒரு ரயில். மார்கழியில்தான் அழகு. மூட்டத்துக்குள் முதலில் விளக்கு மட்டும் தெரியும், அப்புறம் சத்தம், அதற்கப்புறம்தான் வண்டி. எக்ஸ்பிரஸ்களை நான் எடுப்பதே இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு விசுக்கென்று போகிற வண்டியில் எனக்கு என்ன இருக்கிறது? பாசஞ்சர் என்றால் ஜன்னலுக்கு ஒரு முகம். கதவில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டிருப்பவர், பூக்கூடைக்காரம்மா, நின்றுகொண்டே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். ஓட்டுகிறவர் மட்டும் பார்க்க மாட்டார்.

"ஏங்க, ஒரே ஒரு தடவ திரும்பிப் பாத்தா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டிருக்கிறேன்.

"வண்டி நெறைய ஆளுங்க ஒக்காந்திருக்காங்க டீச்சர். நான் ஒன்னப் பாத்து பல்லக் காட்டிக்கிட்டு இருந்தா அவங்கள யாரு பாக்குறது?"

கல்யாணமான நாள் முதல் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கேலியா மரியாதையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

எனக்குக் கிடைத்ததெல்லாம் அவர் கைதான். எங்கள் வயலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு ரயில்வே கேட். வண்டி வரும்போது கேட்கீப்பர் பச்சைக்கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பதில் காட்டுவார். வெறும் சடங்கு என்று நான் நினைத்திருந்தேன். இவர்தான் விளக்கினார். ரயில்வேயில் வேலை பார்க்கிற எவரும், ஓடுகிற வண்டி தன்னைத் தாண்டிப் போனால், நின்று அதைக் கடைசிப் பெட்டிவரை பார்க்க வேண்டும். சக்கரத்தில் புகை வருகிறதா, அடியில் ஏதாவது அறுந்து தொங்குகிறதா, கதவு ஏதாவது அடித்துக்கொள்கிறதா என்று பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் கொடியையோ கையையோ நீட்ட வேண்டும். கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டு அதைப் பார்த்துப் பதில் கொடி காட்டுவார்.

இவருக்கு அது உடம்போடு ஊறிவிட்டது. லீவு நாளில் கொல்லையில் லுங்கியோடு பல் விளக்கிக்கொண்டிருப்பார். வண்டி சத்தம் கேட்டால் பிரஷ் வாயில் இருக்க, வேலிப் பக்கம் போய் நிமிர்ந்து நிற்பார். வண்டி முழுதும் போகும்வரை தலை மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். பிறகு கை நீளும். அங்கே கார்டு கொடி காட்டுவார். அதன் பிறகுதான் வாயில் இருக்கும் நுரையைத் துப்புவார். "டூட்டியில இல்லாதப்ப எதுக்குங்க?" என்றால், "கண்ணு டூட்டியிலதான இருக்கு" என்பார்.

இவருடைய அப்பா இதே தண்டவாளத்தின் ஓரத்து வயல்களில் கூலிக்கு நாற்றுப் பறித்தவர். அந்த வரப்புகளின் வழியாகவே மகன் என்ஜின் ஓட்டிக்கொண்டு போனான் என்பது அந்தக் குடும்பத்துக்குச் சாதாரண விஷயம் இல்லை. தெருவில் இவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் டிரைவர் சார்தான்.

போன ஆண்டு மெடிக்கலுக்குப் போனார். டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை கடுமையாக இருக்கும். இவருக்குச் சர்க்கரை உண்டு. அது கண்ணுக்குள் போய்விட்டது, கிட்டப் பார்வைக்கு மோசமில்லை, தூரம் போதாது, இனி என்ஜினில் ஏறக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். சரியாகத்தான் எழுதினார்கள், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. தஞ்சாவூரில் டிரைவர்கள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் அலுவலகத்தில் இவருக்கு மேஜை வேலை கொடுத்தார்கள். இவர் போய்ச் சேரவில்லை. லீவுக்கு மேல் லீவு போட்டார்.

அதைவிட என்னை உலுக்கியது வேறு. வண்டி சத்தம் கேட்டால் எழுந்து உள்ளே போக ஆரம்பித்தார். கொல்லைப்பக்க ஜன்னலைச் சாத்திவைத்தார். கட்டிலைத் தெருப்பக்க அறைக்கு மாற்றினார். காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். டிரைவர் சார் என்று யாராவது வாசலில் கூப்பிட்டால், இல்லை என்று சொல்லச் சொன்னார். மெடிக்கலைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கண் தெரியவில்லை என்று ஒருநாளும் அவர் வாயால் சொல்லவில்லை. என்னை டீச்சர் என்று கூப்பிடுவதும் குறைந்துகொண்டே வந்தது.

எனக்குப் பயமாக இருந்தது. இவர் பார்வையைவிட வேகமாக இவரே என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. இவர் மறுபடி ஒருமுறை, ஒரே ஒருமுறை, நின்று ஒரு ரயிலைப் பார்த்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று எப்படியோ ஒரு நம்பிக்கை வந்து என் மனதில் உட்கார்ந்துகொண்டது. கணக்கு டீச்சர் நம்புகிற மாதிரியான விஷயமில்லைதான். ஆனாலும் நம்பினேன்.

எங்கள் மகள் சண்டிகரில் வேலை பார்க்கிறாள். மார்கழிக் கடைசியில் அவள் நண்பர்களோடு சிம்லாவுக்குப் போய்விட்டு ஒரு படம் அனுப்பியிருந்தாள். மலைச்சரிவு முழுக்க வெள்ளை. மரம் வெள்ளை, பாறை வெள்ளை. நடுவில் ஒரு குட்டி பாசஞ்சர் ரயில் வளைந்து வந்துகொண்டிருக்கிறது. செல்போனை அவர் மூக்குக்குக் கிட்டே நீட்டினேன். தள்ளிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, வெகுநேரம் பார்த்தார்.

"இந்த வளைவுல, இந்த ஈரத்துல, எப்புடி பிரேக் புடிப்பான்?" என்றார்.

அவ்வளவுதான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஆறு மாதத்தில் அவர் ரயிலைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது. நான் அன்று மாலையே மகளுக்குப் போன் செய்து, பொங்கல் விடுமுறையோடு லீவும் சேர்த்து வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். அவரிடம் மகளைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் சொன்னேன்.

கிளம்பும்போது மூட்டை கட்டினேன். எங்கள் பக்கத்து ஆட்கள் டில்லிக்குப் போனாலும் துபாய்க்குப் போனாலும் அரிசியைக் கட்டிக்கொண்டுதான் போவோம். அந்த ஊரில் அரிசி இல்லையா என்றால் இருக்கும், ஆனால் அது அரிசியா? இவருக்குச் சர்க்கரை என்பதால் கைக்குத்தல் மாப்பிள்ளைச் சம்பா. சிவப்பாக, தவிடு போகாமல், கையில் அள்ளினால் உள்ளங்கை முழுக்க மாவு ஒட்டும். ஐந்து கிலோ எடுத்துத் துணிப்பையில் கட்டினேன். அந்த அரிசி என்ன செய்யப்போகிறது என்று அப்போது தெரியாது.

ரயில் பயணம் முழுக்க அவர் மேல் பர்த்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜன்னலோரத்தில் நான் ஒருத்தியாக உட்கார்ந்து இந்தியாவைப் பார்த்தேன். சண்டிகரில் மகளோடு நான்கு நாள் இருந்துவிட்டு, அவளுக்கு லீவு இல்லாததால் நாங்கள் இருவர் மட்டும் பஸ்ஸில் மலையேறினோம். இவர் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லத் தயாராக வைத்திருந்த பொய்யெல்லாம் வீணாயிற்று.

சிம்லாவுக்குச் சற்று முன்னால், ரயில் பாதைக்கு மேலே ஒரு வீட்டில் மகள் அறை பிடித்திருந்தாள். சமைத்துக்கொள்ள ஓர் அடுப்பு, ஒரு ஹீட்டர், ஜன்னலைத் திறந்தால் தேவதாரு மரங்களுக்கு நடுவே கீழே தண்டவாளம். நாங்கள் போன இரவு விழ ஆரம்பித்த வெண்பனி காலையில் முழங்கால் அளவு கிடந்தது. தலையணையிலிருந்து உதிரும் இலவம்பஞ்சு மாதிரி அவசரமே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இவர் ஹீட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்தும் அதே முதுகு.

"வாங்களேன், கீழ எறங்கிப் பாத்துட்டு வருவோம்."

"நீ போயிட்டு வா. குளுரு ஒத்துக்கல."

முதல் நாள் தனியாகப் போனேன். மகளின் பூட்ஸ், மேலே இரண்டு ஸ்வெட்டர், தலையில் இவருடைய மஃப்ளர். பார்த்திருந்தால் என் வகுப்புப் பிள்ளைகள் சிரித்துச் சிரித்துப் பள்ளிக்கூடத்தையே தூக்கியிருப்பார்கள். மூன்று வண்டிகளைப் பிடித்தேன். மூன்றும் பாழ். மார்கழி மூட்டத்தில் எடுத்துப் பழகிய கை, வெளுப்பாகத் தெரிந்தால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். அங்கே குறைத்தால் அத்தனை வெண்பனியும் வடித்த கஞ்சி நிறத்தில் வந்து நின்றது. குறைக்கக் கூடாது, கூட்ட வேண்டும் என்று மூன்றாவது வண்டி போன பிறகுதான் புத்திக்கு எட்டியது. ஆக, மறுநாள் காலை வண்டி ஒன்றுதான் பாக்கி. மதியம் நாங்கள் பஸ் ஏற வேண்டும்.

அறைக்குத் திரும்பியபோது கேமரா மேல் விழுந்திருந்த பனி சூட்டில் உருகிச் சொட்டியது. துடைத்து மேஜைமேல் வைத்துவிட்டு, வெந்நீரில் குளிக்கப் போனேன். வெளியே வந்தபோது மேஜைமேல் கேமராவைக் காணோம். இவர் பத்திரமாக எடுத்து உள்ளே வைத்திருப்பார் என்று நினைத்தேன். களைப்பில் கேட்கவும் இல்லை.

எடுத்து வைத்திருந்தார்தான். அரிசிக்குள்.

எங்கள் ஊரில் வாய்க்காலில் விழாத செல்போன் கிடையாது. மடை திறக்கக் குனிவோம், சட்டைப் பையிலிருந்து தொபுக்கென்று விழும். எடுத்துத் துடைத்து, பேட்டரியைக் கழற்றி, அரிசி டிரம்மில் இரண்டு நாள் புதைத்து வைத்தால் பிழைத்துக்கொள்ளும். இவர் போனே அப்படி இரண்டு முறை உயிர் பிழைத்தது. ஈரமான கேமராவைப் பார்த்திருக்கிறார். ஐந்து கிலோ அரிசி பக்கத்திலேயே இருந்திருக்கிறது. லென்ஸ் வெளியே நீட்டிக்கொண்டிருந்த நிலையிலேயே, நம் டெல்டா வைத்தியத்தைச் செய்துவிட்டார்.

காலையில் சோற்றுக்கு அரிசி அளக்கக் கையை விட்டேன். கையில் கேமராவின் வார் தட்டுப்பட்டது.

வெளியே எடுத்தேன். கைக்குத்தல் தவிடு முழுவதும் ஈரத்தில் அப்பி, லென்ஸ் இடுக்குகளில் புட்டு மாவு மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. வளையத்தைத் திருப்பினேன், நறநறவென்றது. ஸ்விட்சைப் போட்டேன், உள்ளே ஏதோ முனகி நின்றுபோயிற்று. படம் எடுக்கும், ஆனால் ஃபோகஸ் ஒரே தூரத்தில் இறுகிக்கொண்டுவிட்டது, அதற்குக் கிட்டேயும் வராது, தள்ளியும் போகாது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது என் வகுப்புக்கே தெரியும். அன்று வந்தது கோபம் மட்டும் இல்லை. ஆறு மாதமாக அடக்கிவைத்திருந்த எல்லாமும் சேர்ந்து வந்தது.

"இவ்வளவு தவிடு அப்பிக்கிட்டு இருக்கு! உள்ள போட்டு மூடுறதுக்கு முன்னாடி பாக்க மாட்டீங்க? கண்ணு தெரியல உங்களுக்கு?"

வகுப்பில் ஒருநாளைக்குப் பத்து முறை சொல்கிற வார்த்தை அது. வீட்டிலும் நூறு முறை சொல்லியிருக்கிறேன். எதையாவது மிதித்தால், எதையாவது கொட்டினால், எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தை. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆறு மாதமாக எங்கள் வீட்டில் அந்த வார்த்தை வராமல் எத்தனை ஜாக்கிரதையாக நடந்திருக்கிறேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார். என் கையில் இருந்த கேமராவைத் தன் கையில் வாங்கி, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஆமா டீச்சர்," என்றார். "தெரியலதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அவர் முகம் நான் பயந்த மாதிரி இல்லை. வெகுதூரம் சுமந்துவந்த ஒன்றை இறக்கிவைத்தவர் போலத் தோளைத் தளர்த்திக்கொண்டு நின்றார்.

"வண்டி எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

"என்னங்க?"

"காலம்பர வண்டி. நாந்தான கெடுத்தேன், நானே வந்து எடுத்துக் குடுக்குறேன். கெளம்பு."

சோறு வைக்கவில்லை. பிஸ்கட்டைத் தின்றுவிட்டு இறங்கினோம். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, வேட்டியை விட்டுப் பேன்ட்டுக்கு மாறி, ஒவ்வோர் அடியையும் பிரேக் சோதிப்பவர் மாதிரி அழுத்திப் பார்த்து வைத்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாதி வழியில் தண்டவாளம் தெரிந்ததும் நின்றார். திரும்பிவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. "என்னா டீச்சர், இத்துனூண்டா இருக்கு? நம்ம மாட்டு வண்டியே இதுல ஓடாது போலருக்கே" என்றார். அந்தச் சின்ன கேலிக்கு நான் மலையிலேயே குடியிருந்திருப்பேன்.

அதன் பிறகு வேலை ஆரம்பித்தது. கேமரா ஒரே தூரத்தில் இறுகியிருப்பதால், அந்தத் தூரத்தில் எது இருக்கிறதோ அதுதான் தெளிவாக விழும். அதை எங்கே என்று கண்டுபிடிக்க அவரைத் தண்டவாளத்துக்கு இப்பால் முன்னும் பின்னும் நடக்கவிட்டேன். நான்கு முறை நடந்தார். பாதையோரத்தில் ஒரு கல் தூண் இருந்தது. அந்தத் தூணுக்கு நேரே வரும்போது அவர் மஃப்ளரின் நூல்கூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆக, என்ஜின் அந்தத் தூணைத் தொடும் நொடியில் நான் அழுத்த வேண்டும். முன்னால் போனாலும் மங்கல், பின்னால் போனாலும் மங்கல்.

"நீ கண்ண எடுக்காத. அழுத்திக்கிட்டே நிக்காத, கை வெறச்சுப் போயிடும். என்ஜின் தூணுக்கு வர்றப்ப நான் 'ம்' னு சொல்றேன்."

தூணுக்கு இந்தப் பக்கம், தண்டவாளத்திலிருந்து நன்றாக விலகி, கேமராவில் எனக்குத் தெரியும் சட்டத்துக்கு வெளியே அவர் நின்றுகொண்டார். தூரம் தெரியாவிட்டாலும் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன் என்றார். முப்பது ஆண்டு அனுபவம். ஆனால் பத்து நிமிடம் போனதும், "ஒரு சத்தமும் வர மாட்டேங்குதே டீச்சர். எல்லாத்தையும் இது தின்னுடுது" என்று கீழே கிடந்த வெண்பனியைக் காலால் தள்ளினார். உண்மைதான். எங்கள் ஊரில் வண்டி கேட்டைத் தாண்டுவதற்கு முன்பே வீட்டில் தாம்பாளம் அதிரும். இங்கே என் மூச்சுதான் எனக்குப் பெரிய சத்தமாக இருந்தது.

எங்கோ சுரங்கப் பாதைக்குள்ளிருந்து ஹாரன் கேட்டது. அவர் உடம்பு நிமிர்வதை ஓரக்கண்ணால் பார்த்தேன். கேமராவுக்குள் கண்ணை வைத்தேன்.

வண்டி வந்தது. மரங்களுக்கு நடுவிலிருந்து முதலில் விளக்கு. அப்புறம் கூரையில் வெள்ளை அப்பிக்கொண்ட குட்டி என்ஜின், வளைவில் சாய்ந்து, நிதானமாக, மழையில் நடக்கும் நம் கிராமத்துக் கிழவர்கள் மாதிரி காலைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டு வந்தது. விரல் துடித்தது. 'ம்' வரவில்லை. என்ஜின் பெரிதாகிக்கொண்டே வந்தது, மங்கலாக. இதோ, இதோ என்று காத்திருந்தேன். தூணைத் தொட்டது, ஒரு நொடி பளிச்சென்று தெளிவானது, 'ம்' வரவில்லை, தாண்டியது, மறுபடி மங்கியது, சட்டத்தை விட்டே போய்விட்டது.

போயிற்று. வந்த வேலை போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு, கேமராவில் இருந்த கண்ணை எடுக்காமலே அவர் பக்கம் திரும்பினேன். நாலு வார்த்தை கேட்கத்தான்.

சட்டத்துக்குள் என் கணவர் நின்றுகொண்டிருந்தார்.

கைகளைத் தொடையோடு சேர்த்து, வெண்பனிக்குள் கால் புதைந்து, நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். தலை மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. பெட்டி பெட்டியாக, சக்கரம் சக்கரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டத்தில் போகிற வண்டி, அது அவருக்குத் தெரிந்தது. ஜன்னல்களில் குல்லா போட்ட முகங்கள் அவரைப் பார்த்தபடி போயின. ஒரு குழந்தை கையாட்டியது. அவர் அதைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்தார். கடைசிப் பெட்டி அவரைத் தாண்டியதும் வலது கை தோளுயரத்துக்கு நேராக நீண்டது. விரல்கள் விரிந்தன.

கார்டு கதவில் நின்றிருந்தார். இந்த மலைப் பாதையில், ஒரு ஸ்டேஷனும் இல்லாத இடத்தில், மஃப்ளர் கட்டிய ஒரு கறுத்த மனிதர் எதற்கு அப்படி நிற்கிறார் என்று ஒரு கணம் பார்த்தார். ஒரே கணம்தான். பிறகு அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே கையை விட்டுப் பச்சைக்கொடியை எடுத்து, கதவுக்கு வெளியே நன்றாகச் சாய்ந்து நீட்டிப் பிடித்தார்.

நான் அழுத்தினேன்.

வண்டி அடுத்த வளைவில் மறைந்த பிறகும் அவர் கையை இறக்க நேரமாயிற்று. என் பக்கம் திரும்பியபோது மூக்கு சிவந்து, கண் நிறைந்திருந்தது. குளிராகவும் இருக்கலாம் என்று சொல்ல மாட்டேன். அது குளிர் இல்லை.

"எல்லாம் சரியா போவுது," என்றார்.

"நீங்க 'ம்' சொல்லவே இல்லையே?"

அப்போதுதான் நினைவு வந்தது அவருக்கு. விழித்தார். "வண்டி போறப்ப எப்புடிடீ வாயத் தொறக்குறது? அதப் பாக்க வேணாமா?"

நான் அங்கேயே வெண்பனியில் உட்கார்ந்து சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம். இரண்டும்தான் நடந்தது. அவர் என்னைக் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, மதிய பஸ்ஸுக்கு முன்னால் சோறு வைக்க முடியுமா என்று கேட்டார். அரிசியைச் சலித்து, கேமராத் துணுக்கு எதுவும் இல்லையென்று பார்த்து வைத்தேன். இரண்டு தட்டு சாப்பிட்டார், சர்க்கரையை நினைத்து நான் மூன்றாவது தட்டைக் கொடுக்கவில்லை.

கேமராவைக் கும்பகோணத்தில் ஒரு பழுது பார்ப்பவரிடம் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு, "இதுல வெவசாயம் பண்ணீங்களாம்மா?" என்று கேட்டார். அந்த லென்ஸ் பிழைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு படம் இருந்தது. பெரிதாகப் போட்டு வாங்கிவந்தேன்.

போட்டிக்கெல்லாம் அனுப்பத் தகுந்த படம் இல்லை. என்ஜின் இல்லை. மலை பாதிதான். கடைசிப் பெட்டியும் கார்டும் மங்கல், கொடி ஒரு பச்சைத் தீற்றல். இவருடைய முகமும் கொஞ்சம் மங்கல்தான், கேமரா இறுகிநின்ற தூரத்துக்குச் சற்று இந்தப் பக்கம் நின்றுவிட்டார். ஆனால் நீட்டிய கை சரியாக அந்தத் தூணின் வரிசைக்குப் போயிருக்கிறது. ரேகை எண்ணலாம். அதே கைதான், நான் இருபத்திரண்டு ஆண்டு வரப்பில் நின்று எடுத்த கை. அதற்குப் பின்னால் இந்த முறை மங்கலாகவாவது ஒரு முகம் இருக்கிறது.

அவர் படத்தை மூக்குக்குக் கிட்டே வைத்து ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பார்த்தார்.

"என்னா டீச்சர், என்ஜினக் காணும்?"

நான் படத்தில் அவர்மேல் விரலை வைத்தேன். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் அந்த விரலையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, படத்தை என்னிடம் கொடுத்து எழுந்துபோனார். கொல்லைப்பக்க ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. ஆறு மாதமாகச் சாத்திக்கிடந்ததால் கதவு மழையில் ஊதி இறுகியிருந்தது. இரண்டு முறை குத்தித்தான் திறந்தார்.

மறுநாள் காலை நான் உலை வைத்துக்கொண்டிருந்தபோது வண்டி வரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தஞ்சாவூர் அலுவலகத்தில் அன்று சேர்வதற்காக எடுத்துவைத்திருந்த சட்டையை இன்னும் போடவில்லை. லுங்கியும் பனியனுமாக, பிரஷ் வாயில் இருக்க, வேலியோரம் நின்றிருந்தார். இரண்டு வயல் தள்ளிப் போகும் வண்டியின் சக்கரம் அவருக்குத் தெரியாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"டீச்சர்," என்று திரும்பாமலே கூப்பிட்டார். பிரஷ்ஷைக் கையில் எடுத்துக்கொண்டார். "இங்க வந்து பக்கத்துல நில்லு. எதாவது தொங்குதா, பொகையுதா, பாத்துச் சொல்லு."

அடுப்பைக் குறைத்துவிட்டுப் போய் நின்றேன். பெட்டி பெட்டியாகப் பார்த்தேன். எதுவும் தொங்கவில்லை, எதுவும் புகையவில்லை. கடைசிப் பெட்டி தாண்டியதும், "எல்லாம் சரிங்க" என்றேன்.

அவர் கையை நீட்டினார்.